பெயர் எழுதாத டின்கள்

மைலோ டின்னில் மல்லித் தூள்.
ஹார்லிக்ஸ் போத்தலில் துவரம்பருப்பு.
சீனப் பெருநாளுக்கு வந்த பிஸ்கட் டின்னில்
மூன்று பொட்டலம், மூன்றும் பழுப்பு.
தவமலர் ஈப்போவுக்குப் போய் நான்கு நாள்.
டயாலிசிஸ் வார்டில் மூன்று மாதப் பயிற்சி.
பதினேழு வருடம் நான் தின்றதெல்லாம்
பெயர் சொல்லாமலே இந்த வீட்டில்
குடியிருந்திருக்கிறது.

சீரகம் எது, சோம்பு எது?
மோந்து பார்த்தேன். பங்காளிகள் மாதிரி
ஒரே ஜாடை.
ஜெலுத்தோங் பாசாரில் கேட்டால்
பூத்தேயா மானிஸா என்கிறார் கக் ரொஹானா.
வெள்ளை ஜிந்தான், இனிப்பு ஜிந்தான்.
நமக்கோ சீரகம், பெருஞ்சீரகம்.
நிறம் பார்த்தவர் ஒருவர், கடித்துப் பார்த்தவர் ஒருவர்,
உடம்பை அளந்தவர் நம்மவர்.
இரண்டிலும் ஐம்பது கிராம் வாங்கி
வீட்டுக்கு வருவதற்குள்
எந்தப் பை எது என்பதை மறந்தேன்.

பாயான் லெப்பாஸில் என் வேலை
கடுகில் கால்வாசி இருக்கும் சில்லுகளை
மைக்ரோஸ்கோப்பில் சோதிப்பது.
அங்கே ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.
இரவு ஷிப்ட், மணி மூன்று.
டிஷ்யூவில் மடித்துக் கடத்தி வந்த
இரண்டு விதையை லென்சுக்கு அடியில் வைத்தேன்.
ஒன்று ஒல்லி, முதுகெல்லாம் பூனைமுடி.
ஒன்று கவிழ்த்த படகு, பச்சை வரி போட்டது.
சூப்பர்வைசர் ஃபைசால் வந்து குனிந்தான்.
என்ன கோளாறு?
ஒன்றுமில்லை. இது ரசத்துக்கு, இது கோழிக்கு.
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
என் வீட்டில் இரண்டையும் போடுவாள் போலிருக்கே.

எண்ணெய் காயாமல் போட்டால் கடுகு
ஊமையாய்க் கிடந்து கசக்கிறது.
காய்ந்தபின் போட்டால் மூக்குக்கண்ணாடியில் தெறிக்கிறது.
ஈரக் கறிவேப்பிலையோ
சண்டைக்கென்றே பிறந்தது.
இஞ்சி என்று லெங்குவாஸைத் தட்டிப் போட்டு
ஒரு வாரம் டீ குடித்தேன்.
பக்கத்து வீட்டு மேடம் கூய்தான் கண்டுபிடித்தார்:
இஞ்சி வெட்டுப்படும்,
லெங்குவாஸ் கத்தியோடு வாதாடும்.

பிளாச்சானைப் பச்சையாய் அரைத்தது முதல் தப்பு.
வறுத்தது சரி,
ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுத்தது இரண்டாம் தப்பு.
பதினோராம் மாடியில் கதவுகள்
ஒவ்வொன்றாய்த் திறந்தன.
திட்டத்தான் வருகிறார்கள் என்று நின்றேன்.
மேடம் கூய் கையில்
வெள்ளரிக்காய் நறுக்கிய தட்டு.
எத்தனை மணிக்குத் தயார்?

உப்பு எவ்வளவு என்று ஈப்போவுக்குப் போன் போட்டேன்.
போடுற அளவுதான்.
அது எவ்வளவு?
பார்த்துப் போடுங்க.
பார்த்தால் தெரிந்துவிடுமா?
தெரியும். நீங்க
இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே.
பிறகு சற்று நேரம்
அவள் வார்டின் மெஷின் சத்தம் மட்டும்
என் சமையலறையில் கேட்டது.
அடுப்பில் புளி நுரைத்துக்கொண்டிருந்தது.
கரண்டியை நக்கிப் பார்த்தேன். போட்டேன்.
மறுபடி நக்கிப் பார்த்தேன்.

இனி ஒரே டின் பாக்கி.
தைல டப்பா அளவு, உள்ளே
மிளகுக்குத் தம்பி போலச் சாம்பல் உருண்டைகள்.
மணமில்லை. கக் ரொஹானா உதட்டைப் பிதுக்கினார்.
மேடம் கூய் ஒன்றைக் கடித்துத் துப்பினார்.
பழைய மிளகுதான், வாசம் போய்விட்டது என்று
நானே முடிவு கட்டி
பாதியைப் பொடித்து ரசத்தில் போட்டேன்.
குடித்தேன். பரவாயில்லை.

அதுவா, என்றாள் ராத்திரி,
வெண்டைக்காய் விதைங்க.
வராண்டாத் தொட்டியில் போடணும்னு
நாலு வருஷம் முன்னாடி காய வெச்சது.
எங்கே நேரம். அப்படியே இருக்கட்டும்.

மீதியைத் தண்ணீரில் ஊறவைத்தேன்.
ஒன்பதாம் நாள்
இரண்டு மட்டும் மண்ணைத் தலையால் முட்டி
எழுந்து நிற்கின்றன.
படம் எடுத்து அனுப்பினேன்.
ரசம் எப்படி வந்துச்சு என்று கேட்டாள்.
மிளகு கொஞ்சம் குறைச்சல் என்றேன்.